எனக்கு முன்னால் எடின்பரோவைச் சுற்றிய அம்மா

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முதுகலை படிப்பதற்காக ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்கு வந்து இறங்கிய முதல் நான்கு நாட்களில் நான் பார்த்தது மொத்தம் மூன்றே இடங்கள்தான். என் அறை, தெருமுனை சூப்பர் மார்க்கெட், பல்கலைக்கழகத்தில் பெயரைப் பதியும் அலுவலகம். ஆனால், விருதுநகரில் இருக்கும் அம்மாவிடம் பாதி ஊரைச் சுற்றிவிட்டதாகச் சொல்லியிருந்தேன்.

அந்தப் பொய் ஒரு பாலத்தில் மாட்டிக்கொண்டது.

அப்பாவுக்குப் பருப்பு மில்லில் கணக்கு எழுதும் வேலை. அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். தம்பி ப்ளஸ் ஒன். மதுரையில் பயோடெக்னாலஜி முடித்த எனக்கு எடின்பரோவில் இடம் கிடைத்தபோது, எங்கள் தெருவே திருவிழா மாதிரி ஆனது. கல்லூரிக் கட்டணத்துக்கு வங்கிக் கடன் கிடைத்துவிட்டது. முதல் சில மாதச் செலவுக்குத்தான் பணம் இல்லை. ஒருநாள் காலையில் அப்பாவும் அம்மாவும் வங்கிக்குப் போனார்கள். திரும்பி வரும்போது அம்மாவின் கழுத்தில் ஐந்து பவுன் தாலிச் சங்கிலி இல்லை. புது மஞ்சள் கயிறு இருந்தது.

நான் அழுதேன். அம்மா சிரித்தார். “பவுனக் குடுத்துட்டுப் பவுண்டு வாங்குறோம். கடைசி எழுத்துதான வித்தியாசம்? இதுக்குப் போயி அழுவாகளா?”

2023 செப்டம்பரில் ஒரு திங்கள்கிழமை இங்கே வந்து சேர்ந்தேன். விமான நிலையத்திலிருந்து டிராமில் வரும்போது, வலது பக்கம் கரும்பாறையின் உச்சியில் ஒரு கோட்டை தெரிந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு போட்டோ எடுத்தேன். நகரத்தின் தெற்கே மார்ச்மான்ட் பகுதியில், நான்கு மாடிக் கல் கட்டடத்தில் என் அறை. லிஃப்ட் கிடையாது. இரண்டு பெட்டிகளையும் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு மேலே ஏறியபோது, உள்ளே இருந்த ஊறுகாய் பாட்டில் உடையாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் பிரார்த்தனை.

மறுநாள் ஒரு காபி குடிக்கலாம் என்று வெளியே கிளம்பினேன். கடை வாசலில் விலைப்பட்டியல். மூன்றரை பவுண்டு. மனசு தானாகவே நூறால் பெருக்கியது. 350 ரூபாய்! ஒரு ஜாக்கெட் தைத்தால் அம்மாவுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியே திரும்பி சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், ரொட்டியும் முட்டையும் எடுத்துக்கொண்டு பில் போடும் இடத்துக்கு வந்தேன். கல்லாவில் இருந்த அம்மாள் ஏதோ கேட்டார். புரியவில்லை. மறுபடி கேட்டார். மறுபடியும் புரியவில்லை. மூன்றாவது முறை கடைசி வார்த்தை மட்டும் பிடிபட்டது. ‘ஹென்!’ என்னைப் பார்த்துக் கோழி என்கிறாரே! வரிசையில் எனக்குப் பின்னால் ஐந்து பேர். முகமெல்லாம் சூடாகிவிட்டது. ரொட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பை வேண்டுமா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார் என்பது படியேறும்போதுதான் புரிந்தது. பன்னிரண்டு வருடம் இங்கிலீஷ் மீடியத்தில் படித்து என்ன பயன்?

அன்றிலிருந்து அறையே கதி. வகுப்பு தொடங்க இன்னும் நாள் இருந்தது. வெளியே போனால் பணம் செலவாகும், யாராவது பேசினால் புரியாது. எதற்கு வம்பு?

இங்கே சாயங்காலம் நான்கு மணி என்றால் ஊரில் எட்டரை. தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு அம்மா வீடியோ காலில் வருவார். திரையில் முதலில் எனக்குத் தெரிவது அந்த மஞ்சள் கயிறுதான். அதைப் பார்த்துக்கொண்டு “ரூம்லயே இருக்கேன்மா” என்று எப்படிச் சொல்வது? “கோட்டை பாத்தேன்மா” என்றேன், டிராமிலிருந்து எடுத்த போட்டோவைக் காட்டி. அடுத்த நாள், “பெரிய கடைவீதிக்குப் போனேன்.” அதற்கும் அடுத்த நாள், “மியூசியம் போனேன்.” இணையத்தில் கிடைத்த படங்கள் கை கொடுத்தன.

இதற்கிடையே வீட்டில் நடந்தது எனக்குத் தெரியாது. தம்பி தன் லேப்டாப்பில் கூகுள் மேப்பைத் திறந்து, ‘ஸ்ட்ரீட் வியூ’ என்ற வசதியை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். மேப்பில் ஒரு தெருவின் மேல் அந்த மஞ்சள் பொம்மையைக் கொண்டுபோய் வைத்தால், நாமே அந்தத் தெருவில் நிற்பது போல நாலாபக்கமும் தெரியும். அம்புக்குறியை அழுத்த அழுத்த முன்னால் நகரலாம். வடக்கே திருப்பதி, தெற்கே கன்னியாகுமரி என்று எல்லை வகுத்திருந்த என் அம்மா, நான்கே இரவுகளில் எடின்பரோவில் கிலோமீட்டர் கணக்கில் நடந்திருக்கிறார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கேட்டார். “அந்த மியூசியம் பக்கத்துல ஒரு நாய் சிலை இருக்குமே, பாத்தியா?”

“ம்ம்... பாத்தேன்மா.”

“அப்புறம் எந்தப் பக்கமாப் போன?”

என் எதிரே மேப் திறந்திருந்தது. மியூசியத்துக்கு அருகே ‘ஜார்ஜ் ஃபோர்த் பிரிட்ஜ்’ என்ற சாலை. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ‘கவ்கேட்’ என்ற இன்னொரு சாலை. பார்த்துப் படித்தேன். “நேராப் போயி, சிக்னல்ல வலது பக்கம் கவ்கேட்ல திரும்பினேன்மா.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு தம்பியின் சிரிப்பு மட்டும் கேட்டது.

“அக்கா, அங்க திரும்ப முடியாதுக்கா. மேல போறது பாலம். அந்தத் தெரு அடியில போகுது. நீ குதிச்சாத்தான் உண்டு. அம்மா நேத்து ராத்திரி அங்கன நின்னுக்கிட்டு அரை மணி நேரம் அழுத்திப் பாத்துச்சு!”

அம்மா ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். அன்று இரவு நான் தூங்கவில்லை. ஊரில் விடிந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் குக்கர் விசில்.

“தாயி, திட்டணும்னு பேசல. சங்கிலியக் கழட்டுனது நீ ரூமுக்குள்ள உக்காந்து ரொட்டி திங்கிறதுக்கில்ல. காசு கணக்க உங்கப்பா பாத்துக்கிருவாரு, அது அவரு தொழில். நான் பாக்குறது வெறும் படம்தான். அது ஏத்தமா, இறக்கமா, குளிருமா, என்ன வாசம் அடிக்கும், ஒண்ணும் தெரியல. நீ நடந்து பாத்துட்டு வந்து சொல்லு. ஒரு நாளைக்கு ஒரு தெரு போதும். இன்னைக்கு அந்தப் பாலத்துக்குப் போ. அடித் தெருவுக்கு எங்க எறங்கணும்னு பாத்துட்டு வா.”

மூன்று முறை கேட்டேன். ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

மார்ச்மான்டிலிருந்து நகரத்துக்குப் போகும் வழியில் ‘மெடோஸ்’ என்று பெரிய புல்வெளி இருக்கிறது. நடுவே மரங்கள் நிழல் பரப்பும் நடைபாதை. அதைத் தாண்டிச் சற்று நடந்தால் அம்மா சொன்ன நாய் சிலை வந்துவிடும். கிரேஃப்ரையர்ஸ் பாபி என்று பெயர். எஜமானின் கல்லறையை விட்டு நகராமல் 14 வருடம் காவல் இருந்ததாகச் சொல்லப்படும் நாய் அது. 1872-ல் இறந்தது. அதன் மூக்கைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட, சுற்றுலாப் பயணிகள் தேய்த்துத் தேய்த்து மூக்கு மட்டும் பளபளக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு அதில் வருத்தம். நான் தொடவில்லை.

அதிலிருந்து சில அடிகளில் பாலம் ஆரம்பிக்கிறது. ஆனால், பாலம் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. இரண்டு பக்கமும் கட்டடங்கள், கடைகள், பஸ்கள். சாதாரணத் தெரு போலத்தான் இருக்கிறது. நடந்துகொண்டே இருந்தபோது, ஓரிடத்தில் கட்டடங்களுக்கு நடுவே இடைவெளி வந்தது. கைப்பிடிச் சுவர் ஓரமாக எட்டிப் பார்த்தேன். வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. பல மாடி ஆழத்தில் இன்னொரு தெரு! அங்கேயும் மனிதர்கள், கார்கள், கடைகள். ஒரு ஊரின் தலைமேல் இன்னொரு ஊர்.

பள்ளத்தாக்குகளும் மேடுகளுமான இடத்தில் கட்டிய நகரம் இது. மேட்டையும் மேட்டையும் இணைக்கப் பாலம் போட்டு, பாலத்தின் இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். பக்கத்திலேயே ‘சவுத் பிரிட்ஜ்’ என்று இன்னொன்று. 1788-ல் திறந்தது. மொத்தம் 19 வளைவுகள். அதில் வெளியே தெரிவது ஒன்றே ஒன்றுதான். மற்றவை எல்லாம் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. பாலத்தின் மேலிருக்கும் தேசிய நூலகத்துக்குள் சாலையிலிருந்து நேராக நுழையலாம், தரைத்தளம் போலத்தான் இருக்கும். ஆனால் கட்டடத்தின் மாடிகள் கீழே, அந்த அடித் தெரு வரைக்கும் இறங்குகின்றன.

கீழே போகும் வழியைக் கண்டுபிடித்தேன். நாய் சிலைக்குப் பக்கத்திலேயே ‘கேண்டில்மேக்கர் ரோ’ என்று வளைந்து இறங்கும் தெரு. மெழுகுவத்தி செய்பவர்கள் தெரு. அதில் இறங்கி, வலது பக்கம் திரும்பினால் கவ்கேட். சூரியன் எட்டிப் பார்க்காத ஈரத் தெரு. சற்று முன் நான் நின்ற பாலம் இப்போது தலைக்கு மேலே. அங்கேயே நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

“இதுக்குப் பேரு என்ன அர்த்தம்?”

“பழைய பேச்சுல ‘கேட்’டுன்னா ரோடும்மா. மாட்டச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போற ரோடு.”

“அப்ப நம்ம மாட்டுத்தாவணின்னு சொல்லு.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கவ்கேட்டின் பெயர் மாட்டுத்தாவணிதான். மதுரை பஸ் ஸ்டாண்டா, எடின்பரோ தெருவா என்று அப்பா மட்டும் குழம்புவார்.

அன்றே நிஜமான மியூசியத்துக்கும் போனேன். ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் கிடையாது என்பது வாசல் வரை போன பிறகுதான் தெரிந்தது. நான்கு நாள் எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ, அந்தப் பத்து, பதினைந்து பவுண்டு அங்கே யாரும் கேட்கவில்லை. உள்ளே ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் டாலி நின்றுகொண்டிருந்தது. வளர்ந்த ஆட்டின் உடல் செல்லிலிருந்து குளோனிங் முறையில் உருவாக்கப்பட்ட முதல் பாலூட்டி. 1996-ல் இந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள ராஸ்லின் ஆய்வு நிலையத்தில் பிறந்தது. இறந்த பிறகு பதப்படுத்தி இங்கே வைத்திருக்கிறார்கள். ப்ளஸ் டூ புத்தகத்தில் படம் வரைந்து பாகம் குறித்த ஆடு. அதன் கண்ணெதிரே நின்றபோதுதான், நான் எதற்காக இவ்வளவு தூரம் வந்தேன் என்பதே ஞாபகத்துக்கு வந்தது.

“கிடாயா, பெட்டையா?” என்றார் அம்மா.

“பெட்டைதான்மா. குட்டியெல்லாம் போட்டிருக்கு.”

“அப்பச் சரி.”

சனிக்கிழமை வேவர்லி ரயில் நிலையத்தின் பக்கம். அதுவும் பள்ளத்தில்தான் இருக்கிறது. மேலே உள்ள பாலத்திலிருந்து நிலையம் இருக்கும் தெருவுக்கு இறங்க ‘ஸ்காட்ஸ்மன் ஸ்டெப்ஸ்’ என்று ஒரு படிக்கட்டு. 104 படிகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு பளிங்குக்கல். அம்மாவுக்காக எண்ணிக்கொண்டே இறங்கினேன். நிலையத்துக்கு மேலே நிற்கும் பெரிய ஹோட்டலின் மணிக்கூண்டு மூன்று நிமிடம் வேகமாக ஓடும்படி வைத்திருக்கிறார்கள், ரயிலை யாரும் தவற விடக்கூடாது என்று. எங்கள் வீட்டுக் கடிகாரமும் அப்பாவின் உபயத்தில் பத்து நிமிடம் ஃபாஸ்ட். சொன்னதும் அப்பா முதல் தடவையாக போனை வாங்கிப் பேசினார். “பாத்தியா? அங்கயும் வெவரமான ஆளுக இருக்காக.”

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் உத்தரவு வேறு மாதிரி. கோட்டையில் தினமும் மதியம் ஒரு மணிக்கு பீரங்கி வெடிப்பார்கள் என்று தம்பி படித்துச் சொன்னானாம். பிரின்சஸ் தெருவில் நின்றுகொண்டு வீடியோ காலைப் போட்டேன். ஊரில் அப்போது ஐந்தரை மணி. அம்மா, தம்பி, ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அத்தை, எல்லோரும் போன் முன்னால். மணி ஒன்று ஆனது. ஒன்று பத்து ஆனது. ஒரு சத்தமும் இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஞாயிற்றுக்கிழமை வெடிக்க மாட்டாங்க, ஹென்” என்றார். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் கிளாஸ்கோ பெண் சொல்லியிருந்தாள், இங்கே அந்த வார்த்தை நம் ஊரில் ‘தாயி’, ‘கண்ணு’ என்பது மாதிரியாம். தாத்தா நிறுத்தி நிறுத்திப் பேசினார். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வதற்காக 1861-ல் ஆரம்பித்த வழக்கமாம். “ஏன் பன்னிரண்டு மணிக்கு வைக்காம ஒரு மணிக்கு வெச்சாங்கன்னு தெரியுமா? பன்னிரண்டு மணின்னா பன்னிரண்டு குண்டு வேணும். ஒரு மணின்னா ஒண்ணு போதும். நாங்க ஸ்காட்லாந்துக்காரங்க!”

இந்த ஊர்க்காரர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ளும் பழைய ஜோக் அது. எனக்கோ சிரிப்போடு ஒரு நிம்மதியும் வந்தது. காசை எண்ணி எண்ணிச் செலவழிப்பதை வெட்கப்படாமல் ஜோக்காகச் சொல்லும் ஊரில், மூன்றரை பவுண்டு காபிக்கு நான் பயந்ததில் என்ன அவமானம்?

மறுநாள் மறுபடி போய் நின்றேன். சரியாக ஒரு மணிக்கு ‘டமார்!’ என்னையும் சேர்த்து அங்கிருந்த பாதிப் பேர் துள்ளினோம். போனில் அம்மா “அய்யய்யோ!” என்று கத்த, தையல் கத்திரி கீழே விழும் சத்தம் 8,000 கிலோமீட்டர் தாண்டித் தெளிவாகக் கேட்டது.

இப்படியே பழகிவிட்டது. வகுப்புகள் தொடங்கிய பிறகும் வாரத்துக்கு இரண்டு தெருக்களாவது நடந்தோம். அம்மா விரலால், நான் காலால். அம்மாவின் எடின்பரோவில் எப்போதும் வெயில், ஏனென்றால் அந்தப் படங்களைப் பெரும்பாலும் வெளிச்சமான நாட்களில்தான் எடுத்திருக்கிறார்கள். “வெயிலு இப்பிடிச் சுள்ளுனு அடிக்குது, நீ என்னமோ குளிருதுங்கிற” என்பார். மேற்கிலிருந்து காற்றடித்தால் சில நாள் ஊர் முழுக்க ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்த மாதிரி ஒரு வாசனை வரும். சாராய ஆலையில் தானியம் வேகும் வாசனை. அதை எந்த மேப்பும் காட்டாது. ஆர்தர்ஸ் ஸீட் என்ற, அணைந்துபோன எரிமலையின் உச்சி 251 மீட்டர். படத்தில் பார்த்தால் பச்சைப் புல் மேடு. ஏறி நின்றபோது காற்று என்னை நிற்கவிடவில்லை. போனைக் காற்றில் நீட்டி அந்தச் சத்தத்தை மட்டும் அம்மாவுக்கு அனுப்பினேன். “கடல் சத்தம்னு நெனச்சேன்” என்றார். அங்கிருந்து பார்த்தால் கடலும் தெரியத்தான் செய்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் என் கருமித்தனம் என்னையே ஏமாற்றியது. சுமார் இரண்டு பவுண்டு பஸ் டிக்கெட்டுக்குப் பயந்து மழையிலும் நடந்தே போய்வந்தேன். இரண்டாவது வாரம்தான் வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள். ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயதுக்குட்பட்டவர்களுக்கு பஸ் பயணம் இலவசம். 2022 ஜனவரி 31 முதல் அமலில் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களும் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். எனக்கு 22 முடிய ஐந்து மாதம் இருந்தது! சொன்னதும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “எனக்கு இங்க டவுன் பஸ் ஓசி. உனக்கு அங்க ஓசி. உங்கப்பாதான் பாவம்.”

அட்டை வந்த பிறகு பஸ்ஸின் மேல்மாடியில் முன் சீட்டில் உட்கார்ந்து ஊரைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால், எந்தத் திருப்பத்தில் ஏற்றம், எந்தப் படிக்கட்டில் வழுக்கும் என்பதெல்லாம் முன்பே காலுக்குத் தெரிந்திருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். டிசம்பரில் மூன்றே முக்கால் மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அப்போது மறுபடி சில நாட்கள் அறைக்குள் சுருண்டேன். ஆனால், பொய் சொல்லவில்லை. “இன்னைக்கு வெளிய போகலம்மா, அழுகையா வருது” என்று சொன்னேன். “சரி, இன்னைக்கு நான் போயிட்டு வந்து சொல்றேன்” என்றார் அம்மா.

பகுதிநேர வேலையில் கிடைக்கும் பணத்தில் மாதாமாதம் கொஞ்சம் ஊருக்கு அனுப்புகிறேன். சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. வீடியோ காலில் மஞ்சள் கயிறு தெரியும்போது இப்போதும் ஒரு நொடி பேச்சு நின்றுவிடும். ஆனால், அதைப் பார்த்துவிட்டு அறைக்கதவைச் சாத்துவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்திருக்கிறது. ஸ்ட்ரீட் வியூவிலிருந்து தம்பி எடுத்து அனுப்பியது. பழைய நகரத்தில் இரண்டு கல் சுவர்களுக்கு நடுவே ஆள் ஒருவர் மட்டும் போகக்கூடிய ஒரு சந்து. அதற்குமேல் அம்புக்குறி நகரவில்லையாம். கூடவே குரல் பதிவு.

“தாயி, இதுக்குள்ள போனா ஏத்தமா, இறக்கமா?”

தெரியவில்லை. மழை வேறு தூறுகிறது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.